பஞ்சாரத்துக் கோழியும் வயக்காட்டு வாத்தும்: எங்க வீட்டுக் கறிச்சோறு வந்த வழி



எங்க பக்கம் இப்போ நாட்டுக்கோழி உயிரெடை கிலோ 400, 500 ரூபாய்னு போகுது. பண்டிகை வந்தா இன்னும் ஏறும். பிராய்லர் அதுல பாதிக்கும் கீழ. ஞாயித்துக்கிழமை காலையில கறிக்கடைக்குப் போனா, நமக்கு முன்னாடி பதினஞ்சு பேர் தூக்குவாளியோட நிப்பாங்க. நான் சின்னப் பையனா இருந்த 1970களின் கடைசியில, எங்க தெருவுல கோழியைக் காசு குடுத்து வாங்கிச் சமைச்ச வீடு ஒன்னுகூட இல்ல. எல்லார் வீட்டுலயும் கோழி மேஞ்சுச்சு. ஆனா அது அடுப்புக்குப் போறது வருஷத்துக்கு ஆறேழு தடவைதான்.

நாட்டுக்கோழி ருசியைப் பத்தி எழுத நிறைய பேர் இருக்காங்க. அந்த ருசி உண்மைதான், நான் மறுக்கல. நான் எழுத நினைக்கிறது வேற. அந்தக் கோழி யாரோட சொத்தா இருந்துச்சு, யார் சொன்னா பஞ்சாரத்தை விட்டு அடுப்புக்கு வந்துச்சு, தட்டுல யாருக்கு எந்தத் துண்டு விழுந்துச்சு, இதெல்லாம் எப்படி மாறிச்சுன்னுதான் எழுதப் போறேன். கூடவே வாத்தும் வரும். டெல்டாவுல இருந்துக்கிட்டு வாத்தை விட்டுட்டு எழுத முடியாது.

கொஞ்சம் ரொம்பப் பின்னாடி போயிட்டு வந்துருவோம். கோழியோட மூதாதை தென்கிழக்கு ஆசியாவுல இருக்கற செங்காட்டுக்கோழி. அது எப்படி வீட்டுக்கு வந்துச்சுன்னு பல காலமா ஆராய்ச்சி நடக்குது. 2022ல வெளிவந்த ஆய்வு ஒன்னு, தாய்லாந்து நாட்டுல பான் நான் வாட்டுங்கற இடத்துல கிடைச்ச எலும்புகளை வெச்சு, சுமார் 3,500 வருஷத்துக்கு முன்னாடி அங்க வீட்டுக்கோழி இருந்துச்சுன்னு சொல்லுது. எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, அதுக்கு அவங்க சொல்ற காரணம் நெல்லு. மனுஷன் காட்டைத் திருத்தி நெல்லும் திணையும் விதைச்சான், களத்துல சிந்தின தானியத்துக்காகக் காட்டுக்கோழி பக்கத்துல வந்துச்சு, அப்படியே தங்கிருச்சு. நெல்லு காயப்போட்டுட்டு ஒரு கம்பை வெச்சுக்கிட்டு உட்கார்ந்து கோழி விரட்டின யாருக்கும் இதுக்கு ஆராய்ச்சியே தேவையில்லைங்க.

நம்ம தென்னிந்தியக் காட்டுக்கும் இதுல பங்கு இருக்கு. நம்ம மலைக்காட்டுல இருக்கற சாம்பல் நிறக் காட்டுக்கோழிகிட்ட இருந்துதான் வீட்டுக்கோழிக்கு மஞ்சத் தோல் வந்துச்சுன்னு 2008ல கண்டுபிடிச்சாங்க. உலகம் பூரா கடையில தொங்கற மஞ்சக்கால் கோழிக்கு நம்ம காட்டு ரத்தம் கொஞ்சம் ஓடுது.

சோழர் தலைநகரா இருந்த உறையூருக்குக் கோழின்னே ஒரு பேரு. ஒரு கோழி யானையை எதிர்த்து நின்னு ஜெயிச்ச மண்ணுங்கறதால அந்தப் பேருன்னு கதை. வாரணம்ங்கற சொல்லு யானைக்கும் உண்டு, கோழிக்கும் உண்டு. முருகன் கொடியில இருக்கறதும் சேவல்தான். அவ்வளவு மரியாதை குடுத்துட்டு நாம அதைக் குழம்பும் வெச்சோம். ஆனா அந்தக் காலக் குழம்புல மிளகாய் கிடையாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர் கப்பல்ல 1500க்கு அப்புறம்தான் இங்க வந்துச்சு. அதுவரைக்கும் காரம்னா மிளகுதான். இன்னைக்கும் சளி பிடிச்சா மிளகு தட்டிப் போட்டுக் கோழிச்சாறு வெக்கிறோமே, அதுதான் பழைய குழம்புக்குக் கிட்ட வரும்.

சரி, எங்க வீட்டுக்கு வர்றேன்.

எங்களுக்கு அப்போ ரெண்டு ஏக்கர் நஞ்சை, ஒரு ஜோடி மாடு. நெல்லு வித்த காசு அப்பா கையில. மாடு வித்தாலும் வாங்கினாலும் அப்பா. ஆனா கோழி அம்மாவோடது. அம்மாவுக்கு முன்னாடி அப்பாயியோடது. இதை யாரும் எழுதி வெக்கல, சட்டமும் போடல, ஆனா ஊரு பூரா அப்படித்தான். கோழி முட்டை வித்த காசை ஆம்பளை கேட்டா அது கேவலம். அப்பா ஒரு தடவை பீடி வாங்க எட்டணா கேட்டதுக்கு, "கோழிக்காசுல பீடி குடிக்கிற ஆளா நீ"ன்னு அப்பாயி கேட்டுருச்சு. அப்புறம் அவர் கேட்டதே இல்ல.

அம்மாகிட்ட பத்துப் பன்னெண்டு பொட்டைக்கோழி இருக்கும், ஒரு சேவல். நெல்லு புடைச்ச நொய்யும், தவிடும், குப்பைமேட்டுப் புழுவும், கரையானும்தான் தீனி. ராத்திரியில பஞ்சாரத்தைக் கவுத்து மேல ஒரு கல்லு. கோழி அடைகாக்க 21 நாள். ஒரு அடைக்குப் பத்துப் பன்னெண்டு முட்டை வெப்பாங்க, ஆறேழு குஞ்சு தப்பிச்சா பெரிய விஷயம். பருந்து, கீரி, பூனை, பக்கத்து வீட்டு நாய்னு எல்லாத்துக்கும் பங்கு போகணுமே. கோழி வாங்க வசதி இல்லாதவங்களுக்கு வாரத்துக்குக் குடுக்கறதும் உண்டு. கோழி உங்களோடது, வளர்க்கறது அவங்க, குஞ்சுல பாதிக்குப் பாதி. நிலம் இல்லாத வீட்டுப் பொம்பளை ஒரு கோழியை வாரத்துக்கு வாங்கி, ரெண்டு வருஷத்துல தனக்குன்னு நாலு கோழி நிக்க வெச்சதை நான் பார்த்திருக்கேன். பேங்க் எல்லாம் எங்க ஊர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத நேரம் அது.

முட்டை நாலணா, எட்டணாவுக்குப் போகும். வாரச்சந்தைக்குக் கோழி போகும். அந்தக் காசு சுருக்குப்பைக்குள்ள போச்சுன்னா அம்மாவா எடுத்தாத்தான் உண்டு. எங்க அக்காவுக்கு முதல் தோடு அந்தக் காசு. நான் பத்தாவது படிக்கும்போது பரீட்சைக்குப் பணம் கட்டணும்னு வந்தப்ப, அறுவடைக்கு இன்னும் ஒரு மாசம் இருந்துச்சு. அப்பா யார்கிட்ட கேக்கலாம்னு திண்ணையில உட்கார்ந்து யோசிச்சுக்கிட்டு இருந்தாரு. அம்மா விடியக்காலையில ரெண்டு விடைக்கோழியைக் காலைக் கட்டி எடுத்துக்கிட்டுப் போயிட்டு, பத்து மணிக்குக் காசோட வந்துச்சு. நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினதுக்கு ரெண்டு கோழி உயிர் போயிருக்கு.

இப்போ புரியுதா, ஏன் கோழிக்குழம்பு அவ்வளவு அபூர்வமா இருந்துச்சுன்னு? ஒரு கோழியை அடிக்கறதுன்னா அம்மா தன் சேமிப்பை உடைக்கறதுன்னு அர்த்தம். அதனால அதுக்கு ஒரு காரணம் வேணும். மாப்பிள்ளை வரணும், சாமிக்கு நேர்ந்திருக்கணும், தீபாவளி வரணும், பிள்ளை பெத்தவளுக்குச் சாறு வெச்சுக் குடுக்கணும். பொண்ணு வயசுக்கு வந்தா நாட்டுக்கோழி முட்டையும் நல்லெண்ணெயும் வெறும் வயித்துல குடுப்பாங்க. அதுக்குன்னு முட்டையை விக்காம அரிசிப்பானையில புதைச்சு வெக்கறதும் உண்டு. மத்தபடி கறி திங்கற ஆசையில கோழி அடிச்சா, அந்த வீடு உருப்படாதுன்னு பேசுவாங்க.

சமைக்கிற நாள் காலையிலயே தெரிஞ்சுரும். பஞ்சாரத்தைத் திறக்காம ஒரு கோழியை மட்டும் உள்ளயே வெச்சிருப்பாங்க. கோழி அடிச்சுச் சுடுதண்ணியில முக்கி ரோமம் பறிச்சதும், வைக்கோல் கொளுத்தி அந்தத் தீயில திருப்பித் திருப்பி வாட்டணும். மீதி இருக்கற பொடி ரோமமெல்லாம் பொசுங்கிரும். அப்புறம் மஞ்சளை நல்லா அரைச்சுத் தேய்ச்சு, திரும்பவும் ஒரு வாட்டு. தோலோட வெட்டினாத்தான் குழம்புக்கு நெய் ஊறும். இன்னைக்குக் கடையில தோலை உரிச்சுக் குப்பையில போட்டுட்டு, வீட்டுக்கு வந்து ரெண்டு கரண்டி எண்ணெய் ஊத்தறோம்.

மசாலா பூரா அம்மியில. மல்லி, மிளகு, சீரகம், சோம்பு, காஞ்ச மிளகாய் வறுத்துத் தண்ணி தெளிச்சு அரைக்கணும். அப்புறம் சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, கடைசியா தேங்காய். அரைச்சு முடிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். ரெண்டு வயசு தாண்டின முட்டைக்கோழியா இருந்தா சாமானியமா வேகாது. கொட்டாங்குச்சித் துண்டு ஒன்னைக் கழுவி உள்ள போடுவாங்க, இல்லாட்டி பப்பாளிக்காய் ரெண்டு துண்டு. கொட்டாங்குச்சி என்ன செய்யும்னு எனக்கு விளங்கல. பப்பாளிக்காய்ப் பால் கறியை இளக்கறது நிஜம், அதுக்கு அறிவியல் காரணமும் இருக்கு. விறகடுப்புல மண்சட்டியில ரெண்டு மணி நேரம் கொதிக்கும். வாசம் நாலு வீடு தாண்டிப் போகும். யார் வீட்டுல விருந்தாளின்னு தெருவுக்கே தெரிஞ்சுரும்.

ஒன்னேகால் கிலோ கோழி, எலும்போட சேர்த்து. வீட்டுல பன்னெண்டு பேர். அதனால உருளைக்கிழங்கோ கத்திரிக்காயோ முருங்கைக்காயோ உள்ள விழும். உருளைக்கிழங்கும் மிளகாய் மாதிரியே கப்பல்ல வந்ததுதான், ஆனா அது இல்லாம எங்க அப்பாயியால அத்தனை பேருக்குப் பந்தி முடிச்சிருக்க முடியாது.

பரிமாறறது அப்பாயி. கால் ரெண்டும் விருந்தாளிக்கு, மாப்பிள்ளை வந்தா மாப்பிள்ளைக்கு. நெஞ்சுக்கறி அப்பா, சித்தப்பா. ஈரல் கடைசிப் பிள்ளைக்கு. பையன்களுக்கு இறக்கை, தொடையில ஒரு துண்டு. அக்காவுக்குக் குழம்புல கிடைச்சது. கடைசியா அம்மாவும் அப்பாயியும் அடுப்பங்கரையில உட்கார்ந்து கழுத்தும், முதுகெலும்பும், சட்டியில ஒட்டினதுல பிசைஞ்ச சோறும் சாப்பிடுவாங்க. வளர்த்தது அவங்க, அடைவெச்சது அவங்க, வித்தா காசு அவங்களோடது. ஆனா குழம்பாயிட்டா அவங்களுக்குக் கழுத்து. எனக்கு இது அப்போ உறைக்கவே இல்ல, ஊர்ல யாருக்கும் உறைக்கல. பழைய காலத்தைப் பொற்காலம்னு எழுதறவங்க அந்தக் கழுத்தெலும்பையும் சேர்த்து எழுதணும்.

இப்போ வாத்துக்கு வருவோம்.

வாத்து எங்க பக்கத்துல வீட்டுப் பறவையா அவ்வளவு கிடையாது. அது வழிப்போக்கன். மேட்டூர் அணை 1934ல வந்ததுக்கு அப்புறம் ஜூன் 12 தண்ணி திறந்தா குறுவை, புரட்டாசியில அறுவடை. அந்த அறுவடை முடிஞ்சு தாளடிக்கு உழவு ஓட்டறதுக்குள்ள ஒரு சின்ன இடைவெளி இருக்கும். அப்போதான் வாத்துக்காரங்க வருவாங்க. விழுப்புரம், ஆற்காடு பக்கம் இருந்தெல்லாம் வருவாங்க. ஒரு பட்டியில ஐநூறுல இருந்து ரெண்டாயிரம் வாத்து வரைக்கும். ரெண்டு மூணு ஆளு, ஒரு நாய், நீளக் கம்பு நுனியில ஒரு துணி. ராத்திரி வலையைக் கட்டி உள்ள அடைச்சுருவாங்க. வாத்து விடியறதுக்கு முன்னாடியே முட்டை போட்டுரும். காலையில அந்த வலைக்குள்ள பார்த்தா வெள்ளை வெள்ளையா கிடக்கும், பிள்ளைகளுக்கு அதைப் பார்க்கவே ஒரு ஆசை.

தையில சம்பா அறுத்ததுக்கு அப்புறம் ஏன் வாத்தை விடறதில்லன்னா, எங்க பக்கம் சம்பா அறுக்கறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே ஈரத்துல உளுந்து, பயறு தெளிச்சுருவோம். அதுல வாத்து இறங்கினா அவ்வளவுதான்.

வாத்து வயல்ல மேயறது எங்களுக்கும் லாபம். சிந்தின நெல்லைத் தின்னும், நத்தையைத் தின்னும், பூச்சியைத் தின்னும், போற போக்குல எரு போட்டுட்டுப் போகும். அதுக்குப் பதிலா நில உடமைக்காரங்களுக்குக் கொஞ்சம் முட்டை, இல்லாட்டி பட்டியோட நடக்க முடியாத ஒன்னு ரெண்டு வாத்தைக் குடுத்துட்டுப் போவாங்க. அது சரியா புரட்டாசி முடிஞ்சு தீபாவளி வர்ற நேரம். அதனால எங்க தெருவுல பாதி வீட்டுல தீபாவளி அன்னைக்கு இட்லிக்கு வாத்துக் குழம்பு. கோழி அடிச்சா அம்மா சேமிப்பு உடையும், வாத்து வந்தா அப்படி இல்ல. அது நிலத்துக்கு வந்த கூலி. அதனாலயோ என்னவோ வாத்து அன்னைக்கு அம்மா முகம் தெளிவா இருக்கும்.

சில பேர் நாலு வாத்து முட்டையை வாங்கிக் கோழிக்கு அடி வெப்பாங்க. வாத்து முட்டை பொரிய 28 நாள். கோழி ஒரு வாரம் கூடுதலா உட்கார்ந்து பொரிச்சுட்டு, குஞ்சுகளை மேய்க்கக் கூட்டிக்கிட்டுப் போகும். குட்டையைக் கண்டதும் குஞ்செல்லாம் தண்ணிக்குள்ள இறங்கிரும். தாய்க்கோழி கரையில இறக்கையை அடிச்சுக்கிட்டுக் கத்தற கத்து இருக்கே, பாவமா இருக்கும். நாங்க சிரிப்போம்.

வாத்துக்கறி கோழி மாதிரி சுலபமா வராது. ரோமத்துல எண்ணெய் இருக்கறதால சுடுதண்ணி உள்ள இறங்காது. ரொம்ப நேரம் முக்கி வெச்சுத்தான் பறிக்கணும். அப்புறமும் முள்ளு முள்ளா அடிரோமம் நிக்கும். கொழுப்பு அதிகம், சேத்து வாடை வேற. அதனாலதான் வாத்துக்கு மிளகும் இஞ்சியும் பூண்டும் கோழிக்குப் போடறதைவிடக் கூடுதல். கேரளாவுல குட்டநாட்டுப் பக்கம் இதுல கைதேர்ந்தவங்க. அதுவும் கடல் மட்டத்துக்குக் கீழ நெல்லு விளையற பூமி, அங்கயும் வாத்து வயலோட சேர்ந்ததுதான். அவங்க தாறாவுன்னு சொல்வாங்க. கிறிஸ்துமஸ், ஈஸ்டர்னா அங்க கிறிஸ்தவ வீடுகள்ல ஆப்பமும் வாத்துக்கறியும்.

வாத்து குறைஞ்சதுக்குக் காரணம் சமையல் கஷ்டம் மட்டும் இல்ல. பசுமைப் புரட்சி வந்து பூச்சிமருந்து அடிக்க ஆரம்பிச்சதும், மருந்தடிச்ச வயல்ல மேஞ்ச வாத்து கொத்துக் கொத்தா செத்துச்சுன்னு அப்பா சொல்வாரு. வாத்துக்காரங்க வரப்புல நின்னு "மருந்து அடிச்சீங்களா"ன்னு கேட்டுட்டுத்தான் இறக்குவாங்க. இப்பவும் வர்றாங்க, ஆனா நடந்து இல்ல, லாரியில. 2014ல குட்டநாட்டுல வாத்துகளுக்குப் பறவைக்காய்ச்சல் வந்து கூட்டம் கூட்டமா அழிச்சப்ப, இங்கயும் வாத்துன்னாலே சனங்க பயந்தாங்க.

நோயின்னதும் வெள்ளைக்கழிச்சலைச் சொல்லாம விட முடியாது. மாசி, பங்குனி வெயில் ஏறும்போது ஒரு கோழி தலையைத் தொங்கப் போட்டு நிக்கும். நாலு நாள்ல தெருவே காலி. இந்த நோயை 1926ல ஜாவாத் தீவுலயும் இங்கிலாந்துல நியூகேசில்லயும் கண்டுபிடிச்சாங்க. நம்ம நாட்டுல இமயமலைப் பக்கம் ராணிக்கேத் ஊர்ல பார்த்ததால இங்க ராணிக்கெட்னு பேரு. அம்மா சின்ன வெங்காயம், மஞ்சள், சீரகம், கீழாநெல்லி அரைச்சு உருட்டிக் குடுக்கும். சிலது பிழைக்கும், பெரும்பாலும் போயிரும். ஒரு வருஷம் பதினோரு கோழியும் ஒரே வாரத்துல போச்சு. அந்த வாரம் அம்மா சரியா சாப்பிடல. இன்னைக்கு கால்நடை ஆஸ்பத்திரியில தடுப்பூசி போடறாங்க, மறக்காம போட்டுருங்க. பாட்டி வைத்தியத்தை மட்டும் நம்பிக்கிட்டு இருக்க வேண்டாம்.

அப்புறம் பிராய்லர் வந்துச்சு. இதோட கதை வேடிக்கையானது. நம்ம ஊரு சண்டைச்சேவல் இருக்கே, அசில், அதை வெள்ளைக்காரங்க பத்தொன்பதாம் நூற்றாண்டுல இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் அங்க உள்ள சேவலோட கலந்து கார்னிஷ்னு ஒரு ஜாதியை உண்டாக்கினாங்க. நல்லா அகலமான நெஞ்சு. 1948ல அமெரிக்காவுல 'நாளைய கோழி'ன்னு ஒரு போட்டி நடத்தினாங்க, குறைஞ்ச தீனியில நிறைய கறி போடற கோழி எதுன்னு. ஜெயிச்சது சார்லஸ் வான்ட்ரெஸ்ங்கறவரோட கோழி, அது கார்னிஷ் கலப்பு. அந்த வழியில வந்ததுதான் இன்னைக்குக் கடையில இருக்கற வெள்ளைக்கோழி. நம்ம சண்டைக்கோழி உலகம் சுத்திட்டு நடக்கவே முடியாத கோழியா நம்ம ஊருக்கே திரும்பி வந்திருக்கு. நாட்டுக்கோழி ஒன்னேகால் கிலோ வர அஞ்சாறு மாசம். இது நாப்பது நாள்ல ரெண்டு கிலோ.

நம்ம மாநிலத்துல நாமக்கல் முட்டைக்கு, பல்லடம் கறிக்கோழிக்குன்னு ஆயிருச்சு. சத்துணவுல 1989ல ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டைன்னு ஆரம்பிச்சாங்க, அப்புறம் கூட்டிக்கிட்டே வந்தாங்க. 1990களில் கம்பெனிக்காரங்க குஞ்சு, தீனி, மருந்து குடுத்து, விவசாயிகிட்ட கொட்டகை போட்டு வளர்க்கச் சொல்லி, கிலோவுக்கு இவ்வளவுன்னு வளர்ப்புக்கூலி குடுக்கற முறை வந்துச்சு. எங்க சொந்தக்காரர் ஒருத்தர் கொட்டகை போட்டாரு. கோழி அவரோடது இல்ல, தீனியும் அவரோடது இல்ல. கரண்டு பில்லும் கொட்டகைக் கடனும் அவரோடது. குஞ்சு எப்ப இறக்கறது, எப்ப பிடிக்கறது எல்லாம் அவங்க முடிவு. யோசிச்சுப் பார்த்தா இதுவும் வாரம்தான். ஆனா பழைய வாரத்துல பாதிக் குஞ்சு வளர்த்தவ கைக்கு வந்துச்சு.

ஒன்னு நேர்மையா சொல்லணும். பிராய்லரைத் திட்டறது இப்போ ஒரு ஃபேஷன் ஆயிருச்சு. ஆனா எங்க வீட்டுல பொம்பளைங்க தட்டுல முதன்முதலா கால் துண்டு விழுந்தது பிராய்லர் வந்ததுக்கு அப்புறம்தான். 1995 வாக்குல எனக்குக் கல்யாணம் ஆன புதுசு. ஒன்றரைக் கிலோ வாங்கி வந்தேன், குக்கர்ல மூணு விசில், அரை மணியில குழம்பு. எல்லாருக்கும் வெச்சும் சட்டியில துண்டு கிடந்துச்சு. அம்மா அன்னைக்குக் காலைக் கடிச்சுப் பார்த்துட்டு, "பஞ்சு மாதிரி இருக்குடா"ன்னு சொல்லுச்சு. சொல்லிட்டு இன்னொரு துண்டும் எடுத்துக்கிச்சு. கூலிக்குப் போற வீட்டுலயும் வாரம் ஒரு நாள் கறி வாசம் வர ஆரம்பிச்சது அப்போதான். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

போனது வேற இடத்துல போச்சு. கறி கடையில மலிவா கிடைக்கும்போது சந்தையில நாட்டுக்கோழிக்கு ஒரு பத்து வருஷம் விலையே ஏறல. நாமக்கல் முட்டை பெட்டிக்கடைக்கே வந்துருச்சு. வீட்டைச் சுத்திக் கொல்லை போய் சிமெண்டுத் தரையும் சுத்துச்சுவரும் வந்துச்சு. பக்கத்து வீட்டு நெல்லுல கோழி வாய் வெச்சா சண்டை. ஒவ்வொரு வீடா பஞ்சாரம் பரண் மேல ஏறுச்சு. எங்க அம்மா 2003ல கடைசியா அடைவெச்சுச்சு. அதுக்கு அப்புறம் அதோட சுருக்குப்பையில நான் குடுக்கற காசுதான். நான் குறைவு இல்லாமத்தான் குடுத்தேன். ஆனா பேத்திக்கு ஒரு வளையல் வாங்கணும்னாலும் என்கிட்ட சொல்லிட்டுத்தான் வாங்க வேண்டி வந்துச்சு. அதுவரைக்கும் அது யாரையும் கேட்டதில்ல.

ஊர்ல மத்தப் பொம்பளைங்களுக்கும் இதேதான். மகளிர் சுய உதவிக்குழு 1989ல தருமபுரியில தொடங்கி எல்லா ஊருக்கும் வந்துச்சு, நல்ல விஷயம்தான், நிறைய பேரைத் தூக்கி விட்டிருக்கு. ஆனா அது கடன். வாரா வாரம், மாசா மாசம் கட்டணும். கோழி முட்டை போடாத வாரம் யாரும் வாசல்ல வந்து நிக்க மாட்டாங்க.

இப்போ நாலஞ்சு வருஷமா காத்து மாறுது. நாட்டுக்கோழிக்கு விலை வந்துருச்சு. டவுன்ல இருந்து கார்ல வந்து முட்டை கேக்கறாங்க. என் வீட்டுக்காரி 14 கோழி வெச்சிருக்கா, ரெண்டு கழுத்துல முடி இல்லாத கிராப்புக்கோழி, மத்தது சிறுவிடை. முட்டை 15 ரூபாய். பஞ்சாரம் முடையற ஆளு எங்க பக்கம் இல்லாததால கம்பிவலைக் கூண்டு. வாங்கறவங்களுக்கு ஒரு சேதி: கடையில நாட்டுக்கோழின்னு விக்கறதுல பாதி பண்ணையில அடைச்சு வளர்த்த கலப்புக்கோழி. காலைப் பாருங்க. மேய்ஞ்ச கோழிக்கு நகம் தேய்ஞ்சிருக்கும், கால் செதில் சொரசொரன்னு இருக்கும். அடைப்புக்கோழி கால் வழுவழுன்னு, நகம் நீளமா இருக்கும்.

தீபாவளிக்கு வாத்து எடுக்கறவங்களுக்கு எங்க வீட்டு அளவைச் சொல்லிடறேன். ஒன்றரைக் கிலோ வாத்து, தோலோட. மஞ்சளும் கல்லுப்பும் போட்டுப் பிசிறி அரை மணி ஊறவெச்சு, நாலு தண்ணி கழுவுங்க. மல்லி மூணு கரண்டி, மிளகு ரெண்டு கரண்டி, சீரகம், சோம்பு ஒவ்வொரு கரண்டி, காஞ்ச மிளகாய் ஆறு, வறுத்து அரைச்சுக்குங்க. சின்ன வெங்காயம் கால் கிலோ, பூண்டு ரெண்டு முழுசு, இஞ்சி ரெண்டு விரல் நீளம். சட்டியில எண்ணெய் ஒரு கரண்டிக்கு மேல ஊத்தாதீங்க, கொழுப்புத் துண்டை முதல்ல போட்டு உருக்கினா அதுவே போதும். அதுல வெங்காயம், இஞ்சி பூண்டு வதக்கி, கறியைப் போட்டுத் தண்ணி ஊத்தாம பத்து நிமிஷம் சுருள விடுங்க. அப்புறம் மசாலா, தண்ணி, நெல்லிக்காய் அளவு புளி. மண்சட்டின்னா ஒன்னேகால் மணி நேரம், குக்கர்னா ஆறு விசில். கடைசியா அரைமூடி தேங்காய் அரைச்சு ஊத்தி ஒரு கொதி. முதல் நாள் ராத்திரியே வெச்சுருங்க, மறுநாள் இட்லிக்குத்தான் அது சேரும்.